சக்கரம் சுழல்கின்றது, கைகள் எங்கே?

பாழடைந்த ஆலையொன்றைத் திருத்தியமைத்து நூதனசாலையாக்குவது நல்ல காரியம் என்பதை நாம் மறுக்கவில்லை. இடிந்த சுவரை எழுப்புவதும், துருப்பிடித்த சக்கரத்தை மீண்டும் ஓடவிடுவதும், பழைய தொழிலின் நுணுக்கத்தை இளந்தலைமுறைக்குக் காட்டுவதும் வெறுக்கத்தக்க செயல்களல்ல. ஆயினும், மரபுரிமை என்னும் சொல் எவருடைய வாயிலிருந்து வருகின்றது, எவருடைய சொத்தைக் குறிக்கின்றது, எவருடைய வியர்வையை மூடிமறைக்கின்றது என்று கேளாமல் இந்த நல்ல காரியத்துக்குக் கைதட்ட நாம் ஆயத்தமாக இல்லை. உலகெங்கும் பழைய ஆலைகள் நூதனசாலைகளாகின்றன. எமது மலைநாட்டிலும் தேயிலைத் தொழிற்சாலைகள் நூதனசாலைகளாகவும் உல்லாச விடுதிகளாகவும் மாற்றப்பட்டுள்ளன. சுவருக்கு வெள்ளையடிக்கும்போது அச்சுவருக்குள் நடந்த உழைப்பின் கணக்கையும் சேர்த்து அழித்துவிடுகின்றார்களா என்பதே எமது கேள்வி.

இக்கேள்விக்கு விடைகாண இங்கிலாந்தின் நீராலையொன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். எங்கோ கிடக்கும் ஆலையைப் பற்றி எமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். தொழிற்சாலை முறை பிறந்த நாடு அது. அதன் நூதனசாலைகளே ஏனைய நாடுகளுக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகின்றன. அதனினும் மேலாக, அந்த ஆலை முதலாளியின் கணக்கேட்டிலிருந்து எமது மலைநாட்டுக்கு ஒரு பாதை வருகின்றது. அப்பாதையைச் சற்றுப் பின்னர் காண்போம்.

செஷயர் பகுதியில் ஸ்டையல் என்னும் சிற்றூர். பொலின் என்னும் சிற்றாறு. அதன் கரையில் 1784ஆம் ஆண்டு சாமுவேல் கிறெக் என்பவர் பருத்தி நூற்கும் ஆலையொன்றை நிறுவினார். அதுவே குவாரி பாங் ஆலை. பெல்பாஸ்ற் நகரிற் பிறந்து, மாஞ்செஸ்ரரில் துணி வணிகம் செய்த தாய்மாமன்மாரிடம் வளர்ந்த கிறெக்குக்கு அப்போது வயது இருபத்தாறு. ஆற்றைத் தடுத்துச் சக்கரத்தின்மீது பாயவிட்டு, அச்சக்கரத்தின் விசையால் நூற்புப் பொறிகளை ஓட்டினார். 1818ஆம் ஆண்டளவில் தோமஸ் ஹியூஸ் என்னும் பொறியியலாளர் 32 அடி விட்டமுள்ள பெரும் இரும்புச் சக்கரமொன்றை அங்கு அமைத்துக் கொடுத்தார். 1904இல் அச்சக்கரத்தின் இடத்தைச் சுழலிகள் பிடித்துக்கொண்டன. 1939இல் கிறெக்கின் வழித்தோன்றல் ஒருவர் ஆலையையும் சூழவுள்ள நிலத்தையும் நஷனல் டிரஸ்ட் என்னும் மரபுரிமைப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு நன்கொடையாக அளித்தார். 1959இல் உற்பத்தி நின்றது. 1978இல் ஆலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

இன்று அங்கே சுழலும் சக்கரம் அந்த ஆலையின் சக்கரமன்று. பழைய சக்கரம் போய்விட்டமையால், யோர்க்ஷயரில் கிளாஸ்ஹவுசஸ் என்னுமிடத்து ஆலையொன்றில் ஓடிய, வில்லியம் பெயர்பேண் வடிவமைத்த சக்கரமொன்றை 1980களிற் கொண்டுவந்து பொருத்தினார்கள். பொறியியலாளர் எத்துணை அக்கறையோடு தேடினார்கள் பாருங்கள்! தொலைந்த சக்கரத்தின் காலத்தைக் கணித்து, அதற்கு இணையான ஒன்றை வேற்றூரிற் கண்டுபிடித்து, துண்டு துண்டாகக் கழற்றி, மீண்டும் பூட்டி, அதன்மேல் நீரைப் பாயவிட்டார்கள். இந்த அக்கறையை நாம் பழிக்கவில்லை, பாராட்டுகின்றோம். ஆனால் அந்தச் சக்கரத்தோடு பூட்டப்பட்டிருந்த மனிதரைத் தேடுவதிலும் அதே அக்கறையை எதிர்பார்க்க எமக்கு உரிமையுண்டு.

நீராலையின் பிறப்பையொட்டிப் பழங்காலத்திலேயே ஒரு கனவு இருந்தது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்திபாத்தர் என்னும் கிரேக்கக் கவிஞர், மாவரைக்கும் பெண்களை நோக்கி, இனி அவர்களுடைய வேலையை நீர்த்தேவதைகள் பார்த்துக்கொள்வர், விடியும்வரை அவர்கள் உறங்கலாம் என்னும் கருத்துப்பட ஒரு சிறு பாடல் செய்தார். கார்ல் மார்க்ஸ் தமது மூலதனம் முதற் பாகத்தில் இயந்திரங்களைப் பற்றி ஆராயுமிடத்தில் இப்பாடலை எடுத்துக்காட்டி, வேலைநாளை நீட்டுவதற்கு இயந்திரமே மிகச் சிறந்த கருவி என்பது அந்தப் பழங்காலத்தவர்க்கு விளங்கவில்லையே என்று கசப்போடு நகைக்கின்றார். கவிஞரின் கனவில் நீர் உழைக்க மனிதர் உறங்கினர். ஸ்டையலில் நடந்தது வேறு.

நீர் ஓடும் இடத்தில் ஆலையைக் கட்டலாம். அங்கே தொழிலாளர் இருக்க வேண்டுமே! ஆற்றங்கரைச் சிற்றூரிலே நூற்றுக்கணக்கான கைகளுக்கு எங்கே போவது? கிறெக் கண்ட வழி ஏழைப் பிள்ளைகள். அநாதை விடுதிகளிலும் வறியோர் காப்பகங்களிலும் பாரமெனக் கருதப்பட்ட பிள்ளைகளை, வேலை பழகுவோர் என்ற பெயரில், ஒப்பந்தம் எழுதி அழைத்து வந்தார். அவர்களை அடைத்துவைக்க 1790இல் ஆலைக்கு அண்மையில் தனி விடுதி எழுந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு பிள்ளைகள் அதில் இருந்தனர், பெரும்பாலோர் சிறுமியர். நூற்றாண்டு திரும்பும் வேளையில் ஆலையின் தொழிலாளரில் ஏறக்குறையப் பாதிப்பேர் இப்பிள்ளைகளே. உணவு, உடை, உறைவிடம் ஆகியவையே அவர்கள் பெற்ற கூலி. கையிற் காசைக் காண்பது மேலதிக நேர வேலைக்கு மட்டுமே.

1806ஆம் ஆண்டு தோமஸ் பிறீஸ்லி, ஜோசப் செவ்ரன் என்னும் இரு பையன்கள் அங்கிருந்து ஓடிப்போனார்கள். முன்னவனுக்கு வயது பதின்மூன்று. அவனுடைய விரலொன்று இயந்திரத்தில் அகப்பட்டுச் சிதைந்திருந்தது. இருவரும் இலண்டனை நோக்கிச் சென்றார்கள். தப்பிப் பிழைப்பதற்காகவோ களவெடுப்பதற்காகவோ அல்ல, தாயைப் பார்ப்பதற்காக. பிடிபட்டதும் நீதவான் முன் அவர்கள் அளித்த வாக்குமூலம் இன்றும் இருக்கின்றது. கோடையானாலும் மாரியானாலும் காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை ஏழு மணிவரை வேலை என்று அதில் அவர்கள் சொன்னார்கள். பின்னர் 1836இல் எஸ்தர் பிறைஸ் என்னும் பெண் ஓடிப்போய்த் திரும்பியபோது, தண்டனையாக ஓர் அறையிலே பல நாட்கள் தனியே அடைத்துவைக்கப்பட்டாள்.

ஆற்றோர ஆலையின் அழகைப் பாடுவோர் அறியவேண்டிய இன்னொன்றும் உண்டு. நீர்விசை தூயது, புகையற்றது, இயற்கையோடு இயைந்தது என்று இந்நாளிற் சொல்லக் கேட்கின்றோம். உண்மைதான். ஆனால் வரட்சியில் ஆறு சுருங்கினால் சக்கரம் நின்றுவிடும்; வெள்ளம் வந்தாலும் நின்றுவிடும். நின்ற நேரத்தை எவர் ஈடுசெய்வது? ஆறு ஈடுசெய்யாது, முதலாளியும் செய்யமாட்டார். 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இளையோரின் வேலை நேரத்துக்கு வரம்பு விதித்தபோதும், நீர்விசையால் ஓடும் ஆலைகள் இழந்த நேரத்தைப் பின்னர் ஈட்டிக்கொள்ள இடமளித்தது. வானம் பொய்த்ததற்கும் தொழிலாளியின் உடலே வட்டி கட்டிற்று. சுவீடிய ஆய்வாளர் அந்திரேயாஸ் மால்ம் 2016இல் வெளியிட்ட நூலொன்றில், முதலாளிமார் ஆற்றை விட்டு நீராவிக்குத் திரும்பியதற்கு நிலக்கரி மலிவாயிருந்தது காரணமன்று, நகரத்திலே ஆட்கள் மலிவாகவும் பணிவாகவும் கிடைத்தமையே காரணம் என்று விரிவாக வாதிடுகின்றார். ஆற்றங்கரை ஆலை ஆட்களைத் தேடிக் கொண்டுவரவேண்டும், குடியிருத்தவேண்டும், கட்டிவைக்கவேண்டும். இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

இங்கே எமது மரபுரிமை நண்பர்கள் ஒரு மறுப்பைக் கிளப்புவர். கிறெக் கொடிய முதலாளியல்லவே. பிள்ளைகளைப் பார்க்க வைத்தியர் அமர்த்தினாரே. அவருடைய மனைவி ஹன்னா கல்வியறிவுள்ளவர், சிறுமியருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாரே. தொழிலாளருக்குக் குடில்களும் பாடசாலையும் ஆலயமும் கட்டிக்கொடுத்தார்களே என்பர். ஆம், அவை அனைத்தும் உண்மை. அக்காலத்து ஆலைகள் பலவற்றோடு ஒப்பிட்டால் ஸ்டையல் மேலானது என்பதும் உண்மை. எங்கள் வாதத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று வேறென்ன வேண்டும்? மேலானதென்று புகழப்பட்ட ஆலையிலேயே பதின்மூன்று வயதுப் பையன் விரலை இழந்து தாயைத் தேடி ஓடினான் என்றால், கீழானவற்றின் நிலையை விரித்துரைக்கவும் வேண்டுமோ? கருணையுள்ள முதலாளியைக் காட்டி முறையை மன்னிக்கச் சொல்வது பழைய தந்திரம். அந்தக் கருணையின் எல்லையைக் கிறெக்கின் மகனே வரைந்து காட்டினார். றொபேட் ஹைட் கிறெக், வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைக்கும் கோரிக்கையை எதிர்த்து 1837இல் ஒரு நூலே எழுதினார். பின்பு மாஞ்செஸ்ரரின் பிரதிநிதியாகப் பாராளுமன்றமும் சென்றார். அவர் எதிர்த்த அந்தச் சட்டம், தொழிலாளரின் நீண்ட போராட்டத்தின் பின், 1847இல் நிறைவேறிற்று.

நூதனசாலையாக மாறிய குவாரி பாங் இந்த வரலாற்றை மறைத்துவிடவில்லை என்பதை நாம் நேர்மையோடு சொல்லவேண்டும். பிள்ளைகள் உறங்கிய விடுதி புதுப்பிக்கப்பட்டு மக்கள் பார்வைக்கு விடப்பட்டது. ஆலையின் ஆவணங்கள் காக்கப்பட்டன. தப்பியோடிய பிள்ளைகளின் பெயர்கள் எமக்குத் தெரியவந்தமைக்கும் அவ்வாவணங்களே காரணம். எஸ்தர் பிறைஸின் கதை 2013இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் நாடகத் தொடராக வந்தது. பொறிகளும் உண்டு, பொறிகளை இயக்கிய பிள்ளைகளும் உண்டு. நூதனசாலை இப்படித்தான் அமையவேண்டும் என்று இவ்விடத்தில் நாம் சொல்லி முடித்திருக்கலாம். முடிக்க இயலவில்லை. ஏனெனில் அந்த ஆலையின் சுவர் ஆலையோடு முடியவில்லை.

பொலின் ஆறு சக்கரத்தைச் சுழற்றிற்று, சரி. சக்கரம் நூற்ற பருத்தி எங்கே விளைந்தது? அமெரிக்கக் கண்டத்தின் அடிமைத் தோட்டங்களில். அவ்வளவோடும் நிற்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய டொமினிக்காவில் ஹில்ஸ்பரோ என்னும் கரும்புத் தோட்டமும், அதில் உழைத்த அடிமைகளும் குடும்ப வழியாகக் கிறெக்குக்கு உரிமையாயிருந்தனர். ஸ்டையலிற் பிள்ளைகளுக்கு வைத்தியர் அமர்த்திய அதே குடும்பம் டொமினிக்காவில் மனிதரைச் சொத்துப் பட்டியலில் எழுதிவைத்திருந்தது. 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் செய்தபோது, 2 கோடி பவுண் இழப்பீடு வழங்கிற்று. எவருக்கு? அடிமைகளுக்கன்று, அடிமைகளின் உடைமையாளருக்கு. அந்தப் பணத்துக்காக வாங்கிய கடனைப் பிரித்தானிய அரசு 2015ஆம் ஆண்டில்தான் கட்டி முடித்தது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்வது நலம். அடிமைமுறை மிகப் பழைய கதை என்று எண்ணுவோருக்கு இவ்வொரு செய்தியே போதும்.

நஷனல் டிரஸ்ட் தனது பொறுப்பிலுள்ள மாளிகைகளுக்கும் ஆலைகளுக்கும் அடிமை வாணிபத்தோடும் குடியேற்ற ஆட்சியோடும் இருந்த தொடர்பை ஆராய்ந்து 2020 செப்தெம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தொண்ணூறுக்கு மேற்பட்ட இடங்கள் அதிற் குறிக்கப்பட்டன. உடனே எழுந்தது கூச்சல்! அப்போது ஆளுங்கட்சியாயிருந்த பழைமைபேண் கட்சியின் உறுப்பினர் பலர் கொதித்தெழுந்தனர். வரலாற்றைத் திருத்துகின்றார்கள், நாட்டின் பெருமையைச் சிறுமைப்படுத்துகின்றார்கள், அரசியலைப் புகுத்துகின்றார்கள் என்றார்கள். அறநிலையங்களை மேற்பார்க்கும் ஆணைக்குழுவிடம் முறையீடுகள் சென்றன. 2021இல் அவ்வாணைக்குழு, நிறுவனம் தனது கடமையை மீறவில்லை என்று தீர்த்தது. பிள்ளைகளின் விடுதியைக் காட்டியபோது இவர்களிற் பெரும்பாலோர் வாய்திறக்கவில்லை. ஏன்? இறந்துபோன வெள்ளைப் பிள்ளைகளின் துன்பம் கண்ணீருக்குரியது. அதற்காக இன்று எவரும் எதையும் திருப்பிக் கொடுக்கவேண்டியதில்லை. டொமினிக்காவின் கதையோ இன்னும் முடியாத கணக்கு. நூதனசாலையில் எது அரசியல், எது அரசியலன்று என்பது இப்படித்தான் தீர்மானிக்கப்படுகின்றது.

இனி முன்பு சொன்ன பாதைக்கு வருவோம். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்ததும் அங்கே கோப்பி விளைச்சல் சரிந்தது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கான இறக்குமதித் தீர்வை மேற்கிந்தியக் கோப்பிக்கு நிகராகக் குறைக்கப்பட்டது. இலண்டனின் மூலதனம் கண்டி மலைகளை நோக்கிப் பாய்ந்தது. காடுகள் அழிந்தன, கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. ஸ்டையலிற் கேட்ட அதே கேள்வி இங்கும் எழுந்தது: மலையிலே பயிர் வளரும், கைகளுக்கு எங்கே போவது? அங்கே அநாதை விடுதி விடையாயிற்று. இங்கே தென்னிந்தியாவின் வறட்சியும் கடனும் சாதிக் கொடுமையும் விடையாயின. எமது மக்கள் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியிலேயே மடிந்தோர் பலர். 1869இற் கண்ட இலைநோய் கோப்பியைத் தின்றபின் தேயிலை வந்தது; நடக்கும் கால்களும் பறிக்கும் கைகளும் மாறவில்லை. முதற்காலத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில், தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று வழங்கும் அந்தக் கட்டடங்களில், கொழுந்தை உருட்டும் பொறிகளை ஓட்டியதும் ஓடைநீரே. ஸ்டையலின் ஒப்பந்தத்தாள் இங்கே கங்காணியின் துண்டாயிற்று. துண்டின்றி ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போய் வேலை கேட்க முடியாது என்ற நிலை 1921வரை நீடித்தது. ஆலையடியில் முதலாளியின் வீடும் தொழிலாளரின் வரிசைக் குடில்களும் அருகருகே நிற்கும் ஸ்டையலின் அமைப்பைப் பார்க்கும் மலையக மாணவனுக்குத் துரை பங்களாவையும் லயத்தையும் எவரும் விளக்கத் தேவையில்லை.

கண்டிக்கு அண்மையில் ஹந்தானையில் 1925இற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்று இயக்கமின்றிப் பத்தாண்டுக்கு மேல் பாழாய்க் கிடந்தது. இலங்கைத் தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் முன்னின்று அதைத் திருத்தி, 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறந்தன. கீழே பழைய பொறிகளும் உருளைகளும். மேலே ஜேம்ஸ் டெயிலர், தோமஸ் லிப்டன் ஆகியோரைப் பற்றிய சேகரிப்புகள். அதற்கும் மேலே தேயிலை விற்கும் கூடங்களும் தேநீர்ச்சாலையும், மலைகளை நோக்கும் தொலைநோக்கியும். பொறிகளைச் சீராகக் காத்திருக்கின்றார்கள், அதற்கு நன்றி. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட டெயிலரை மறக்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் 19 ஏக்கரில் குழி வெட்டியவர் எவர்? அதே ஹேவாஹெட்டைப் பகுதியில், முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருள் கோவிந்தன் என்பவர் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். டெயிலரின் பெயரைப் பாடப்புத்தகத்திற் படிக்கும் பிள்ளை கோவிந்தனின் பெயரை எங்கே படிக்கும்? தேயிலையின் வரலாற்றைக் கூறும் கட்டடம் எதிலும் இவ்விரு பெயர்களும் ஒரே சுவரில் நிற்கும் நாள்வரை அவ்வரலாறு அரைவரலாறே.

தொழிலாளியைக் காட்டுகின்றோமே என்பார்கள். காட்டுகின்றார்கள். தேயிலைப் பெட்டியின் மேல் கூடையோடு சிரித்துக்கொண்டு நிற்கின்றாள் எமது பெண். அவளுக்குப் பெயரில்லை, கூலியில்லை, அட்டைக் கடியில்லை, பிரட்டுக்களத்து வசவில்லை. நுவரெலியாவுக்கு அண்மையில் கந்தப்பளையிலுள்ள பழைய தொழிற்சாலையொன்று 1990களில் உல்லாச விடுதியாயிற்று. கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கையறைகளாயின. கொழுந்து பறிப்போரைப்போல் உடுத்திக்கொண்டு உல்லாசப் பயணிகள் ஒரு மணிநேரம் கொழுந்து பறித்து மகிழும் வேடிக்கையும் மலைநாட்டுச் சுற்றுலாவில் விற்பனையாகின்றது. ஸ்டையலுக்கு வருவோர் பிள்ளைகளின் விடுதியைப் பார்த்துவிட்டு, இது முடிந்துபோன காலம் என்று பெருமூச்செறிந்து வீடு திரும்பலாம். இங்கே முடியாது. நூதனசாலைப் பொருளாகத்தக்க லயங்களில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆங்கிலேயர் கட்டிய தொழிற்சாலை மரபுரிமையாயிற்று. அதே ஆங்கிலேயர் கட்டிய லயம் இன்னும் வீடாகவே இருக்கின்றது!

எமது முகாமிலிருந்தும் ஒரு குரல் எழும் என்பதை நாம் அறிவோம். வீடில்லாத மக்களுக்கு நூதனசாலை எதற்கு, அந்தப் பணத்தில் வீடு கட்டுங்கள் என்று தோழர்கள் சிலர் சொல்வர். வீடு வேண்டும், காணியும் வேண்டும், அவற்றுக்கான போராட்டத்தில் நாம் பின்னிற்கவில்லை. ஆனால் நினைவு என்பது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தை நாம் ஏற்கமாட்டோம். 1948இல் இலக்கம் 18 பிரஜாவுரிமைச் சட்டம் எமது மலையக மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946ஆம் ஆண்டுக்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்ததை நிரூபிக்கும்படி கேட்டது. எதைக்கொண்டு நிரூபிப்பது? எழுத்தறிவு மறுக்கப்பட்டவனிடம் தாள் ஏது? அவன் அங்கே இருந்தான், உழைத்தான் என்பதை நாள்தோறும் எழுதிவைத்த புத்தகம் ஒன்று இருந்தது: தோட்டக் கந்தோரின் செக்றோல். அது துரையின் அலுமாரியில் இருந்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கூடி 5,25,000 பேரை அங்கும் 3,00,000 பேரை இங்கும் எனப் பங்கிட்டபோதும், பங்கிடப்பட்டோர் எண்களாகவே இருந்தனர். எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைக் கோரிக்கை தீர 2003வரை செல்லவேண்டியதாயிற்று. தன் இருப்புக்குச் சான்று காட்டமுடியாமல் அரை நூற்றாண்டு அலைந்த மக்களிடம் போய், பழைய ஆவணம் எதற்கு என்று கேட்பது தகுமா?

மக்கள் தாமாகவே இதை உணர்ந்திருக்கின்றார்கள். கம்பளைப் பகுதியிலுள்ள பழைய பீகொக் தோட்டத்தில், லயன் அறைகளையே திருத்தி, 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையொன்று அமைக்கப்பட்டது. அங்கே பெரும்பொறி எதுவுமில்லை. தொழிலாளர் புழங்கிய பொருட்களும் அவர்களைப் பற்றிய ஆவணங்களுமே காட்சிப்பொருள்கள். மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததையொட்டி, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணமொன்றும் நடந்தது. தொழிற்சாலை ஓரிடத்திலும் தொழிலாளி வேறிடத்திலுமாக வரலாறு இரண்டு நூதனசாலைகளாகப் பிரிந்து கிடப்பது எமக்கு உவப்பானதன்று. ஆயினும் துரைமார் சங்கத்தின் கட்டடத்தில் இடம் கிடைக்கும்வரை காத்திராமல் சொந்த லயத்திலேயே தொடங்கியவர்களின் துணிவை நாம் போற்றுகின்றோம். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோறும் சென்று மக்கள் பாடல்களைத் திரட்டியபோதும் எந்தச் சபையும் அவருக்கு முன்னால் விளக்குப் பிடித்துச் செல்லவில்லை.

ஆகவே, இனி எந்தத் தொழிற்சாலை மரபுரிமை என்ற பெயரிற் திருத்தப்பட்டாலும், அதன் பொறுப்பாளரை நோக்கிச் சில கேள்விகளை நாம் கேட்டேயாகவேண்டும். உருளை இருக்கின்றது, அந்த உருளையடியில் இரவு முழுதும் நின்றவனுக்கு என்ன கூலி என்று எங்கே எழுதியிருக்கின்றது? டெயிலரின் பொருட்களைத் தேடிய அக்கறையோடு ஒரு கங்காணியின் துண்டைத் தேடினீர்களா? ஒரு லயன் அறையையாவது, அதில் எத்தனை பேர் உறங்கினார்கள் என்ற கணக்கோடு, பார்வைக்கு வைப்பீர்களா? விளக்கப் பலகைகள் தொழிலாளியின் பேத்தி வாசிக்கும் மொழியில், பிழையற்ற தமிழில் இருக்கின்றனவா? திருத்தப்பட்ட கட்டடத்திற் கிடைக்கும் வேலைகளில், வாயிலில் நின்று கும்பிடும் வேலை தவிர வேறெந்த வேலை அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்?

ஆசிரியராகிய எமக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. ஆண்டுதோறும் மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்வோர் நாமே. அவர்கள் குறிப்புப் புத்தகத்தில் எதை எழுதவேண்டும் என்று சொல்வோரும் நாமே. தொழிற்சாலை கட்டப்பட்ட ஆண்டையும் பொறியின் பெயரையும் எழுதவைத்துத் திரும்பி வருவது எளிது. மலையகப் பாடசாலைகளில் உயர்தரம் படிக்கும் மாணவர்களின் பாட்டிமார் பலர் இன்னும் உயிரோடிருக்கின்றார்கள். பிரட்டுக்களத்தில் நின்றதையும், கப்பலேறிப் போன உறவினரைத் தலைமன்னார்வரை சென்று வழியனுப்பியதையும் அவர்கள் சொல்வார்கள். கேட்டு எழுதுவதற்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும். மூடப்பட்ட தோட்டக் கந்தோர்கள் சிலவற்றில் பழைய செக்றோல் புத்தகங்கள் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கக்கூடும். கட்டடத்தைத் திருத்த வருவோர் முதலில் வெளியே எறிவது அவற்றையே. அவை எந்தத் தோட்டத்தில், எவருடைய பொறுப்பில், எந்த ஆண்டிலிருந்து இருக்கின்றன என்ற பட்டியலை ஒவ்வொரு பாடசாலையும் தனது சுற்றுவட்டத்துக்கு ஆக்கலாம். வரும் விடுமுறையிலேயே தொடங்கலாம்.